கைத்தாங்கல் – 9: தானாகப் பிடிக்கும் பிரேக்

தான் அனுப்பாத மெசேஜுக்கு வந்த நன்றியை நூலகி காலையிலிருந்து திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தாள்.

“நீங்க தனியா அனுப்பின மெசேஜுக்கு ரொம்ப நன்றிம்மா. நீங்க சொன்ன மாதிரியே மாத்திரையை மொத்தமா நிறுத்திட்டேன். இனிமே எல்லாம் உங்க புண்ணியம்.”

எழுதியது ‘ஜன்னலோரம்’. அதற்குப் பிறகு அந்தப் பெயரிலிருந்து ஒரு வரிகூட வரவில்லை.

போன வாரம் இங்கேதான் விட்டோம். நடுவில் வந்து உட்கார்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை.

நம் கதாநாயகிக்குக் கல்லூரி நூலகத்தில் வேலை. அதனால் வீட்டிலும் வெளியிலும் நூலகி என்றே பேராகிவிட்டது. வேலை போக மிச்ச நேரத்தில் ‘கைத்தாங்கல்’ என்கிற இணையதளத்தில் தொண்டு செய்கிறாள். தீராத வலியோடு நாளைத் தள்ளுகிறவர்கள் அங்கே வருவார்கள். பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன எண்ணெய் கேட்குமா, வீடியோவில் பார்த்த பெல்ட்டை வாங்கலாமா, இந்த ஊசி நல்லதா என்று விசாரிப்பார்கள். தொண்டர்கள் யாரும் வைத்தியம் சொல்ல மாட்டார்கள். ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன என்று தேடிப் பிடித்து, புரிகிற பேச்சில் எழுதி, ‘உங்கள் டாக்டரிடம் இப்படிக் கேளுங்கள்’ என்று அனுப்பி வைப்பார்கள்.

எந்தச் செய்தி வந்தாலும் அங்கே மூன்று கேள்வி உண்டு. யார் சொன்னது? எதை வைத்துச் சொன்னது? சொன்னவருக்கு அதில் என்ன ஆதாயம்? ‘எனக்குச் சரியாப் போச்சு, உனக்கும் ஆகும்’ என்பது அந்த இடத்தில் கெட்ட வார்த்தை. ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்துத் தலையாட்டிய பிறகே பதில் போகும். அந்த இன்னொருவருக்கு ‘இரண்டாம் கண்’ என்று பெயர். நோயாளியின் போன் நம்பரோ விலாசமோ கேட்கக்கூடாது. தனியாக மெசேஜ் அனுப்பவும் கூடாது.

இத்தனை கட்டுக்காவலையும் தாண்டி, நூலகியின் கணக்கிலிருந்தே ஒரு தனி மெசேஜ் போயிருக்கிறது. வேலியே பயிரை மேய்ந்த கதை. அந்தம்மா சாப்பிட்டு வந்தது நரம்பு வலி மாத்திரை. டாக்டரைக் கேட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டியதைச் சட்டென்று நிறுத்தினால் உடம்பு ஆட்டம் கண்டுவிடும், சில பேருக்கு வலிப்பே வரும். ஆள் எந்த ஊர், எந்தத் தெரு, யாருக்கும் தெரியாது.

தளத்தை நடத்துகிற பிசியோ அக்கா நேற்றே சொல்லிவிட்டாள். “உன் கணக்குல இருந்துதான் போயிருக்கு. நீ எழுதலைன்னு நான் நம்பறேன். ஆனா நம்பறது நம்ம வேலை இல்லையே? சாயங்காலம் மீட்டிங். அதுக்குள்ள யாருன்னு சொல்லு. இல்லேன்னா நீ இதுவரைக்கும் எழுதின பதில் அத்தனையையும் எடுத்துடணும். அந்தம்மாவுக்கு ஏதாவது ஆச்சுன்னா தளத்தையே மூடணும்.”

அந்த மெசேஜையும் அக்கா அனுப்பியிருந்தாள். நூலகி அதை ஒரு சொல் விடாமல் ஆராய்ந்தாள்.

“பயப்படாம மாத்திரையை நிறுத்திடுங்க. மாத்திரை இல்லேன்னா விழுந்துடுவோமோன்னு தோணும். விழ மாட்டீங்க. கரன்ட் போனா பிரேக் தானா பிடிச்சுக்கும் இல்லையா, அந்த மாதிரி உடம்பு தானா பிடிச்சுக்கும். ஒரே ஒரு ஊசிதான். நான் அனுபவிச்சது.”

கீழே ஏதோ ‘வலி நிவாரண மையம்’ என்று ஓர் இடத்தின் பெயர்.

கரன்ட் போனால் எதுதான் பிடிக்கும்? விளக்கு அணையும், ஃபேன் நிற்கும். எவனோ அரைகுறை உளறியிருக்கிறான் என்று அவள் தள்ளிவிட்டாள். தள்ளியது தப்பு என்று பிற்பாடு தெரிந்தது.

“காலங்கார்த்தால அந்தப் பெட்டியை ஏன் இப்படி முறைக்கறே? அது என்ன உனக்கு சம்பந்தியா?”

மாமியார் டீ தம்ளரோடு வந்து எதிரே உட்கார்ந்தாள். அவள் உட்காருகிற விதத்திலேயே இன்றைக்கு விசாரணை உண்டு என்று தெரிந்தது.

“ஒண்ணும் இல்ல அத்தை. ஆபீஸ் விஷயம்.”

“ஆபீஸ் விஷயத்துல யாரு அந்த குட்மார்னிங்கு?”

நூலகிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. குட்மார்னிங் என்பது அவளுடைய இரண்டாம் கண். ஓய்வுபெற்ற தபால்காரர். எந்த நேரத்தில் வந்தாலும் குட்மார்னிங் என்றுதான் ஆரம்பிப்பார். முகத்து நரம்பில் வலி இருப்பதால் நாலு வார்த்தைக்கு மேல் பேச மாட்டார்.

“அவர் பெரியவர் அத்தை. என்கூடத் தொண்டு செய்யறவர்.”

“சாயங்காலத்துல குட்மார்னிங் சொல்றவன் எப்படிப்பட்டவனா இருப்பான்? ராத்திரி பகல் தெரியாம இருக்கான்னா மனசு ஒரு இடத்துல இல்லேன்னு அர்த்தம்.”

“அத்தை!”

“நான் ஒண்ணும் சொல்லலம்மா. கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய். விசாரிக்கறேன், அவ்வளவுதான்.”

படுக்கையறையிலிருந்து கணவன் வந்தான். லிஃப்ட் கம்பெனியில் மெக்கானிக். இரண்டு மாதமாகச் சீட்டியடித்துக்கொண்டு திரிந்தவன், போன வாரத்திலிருந்து வாயைத் தைத்துக்கொண்டுவிட்டான். இன்றைக்கு ஷூ போடும்போது ஸ்டூலின் மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு போட்டான். பக்கத்தில் போனபோது சட்டையில் லேசாக ஸ்பிரிட் வாடை.

“இது என்ன வாசனை?” என்றாள் நூலகி.

“எது?”

“ஸ்பிரிட் மாதிரி.”

“மெஷினைத் துடைக்கறதுக்கு வச்சிருப்பாங்கம்மா,” என்று மாமியார் முந்திக்கொண்டாள். கேட்டது மகனை; பதில் சொன்னது தாய். நூலகி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். குடிக்கிறானா? இவ்வளவு காலையிலா? அதை அம்மாவே மூடி மறைக்கிறாளா?

ஒரு நாளைக்கு ஒரு சந்தேகம் போதும் என்று அதை ஓரமாக வைத்தாள். ஊரில் உள்ள செய்தியையெல்லாம் சலித்துப் பார்க்கிறவள், வீட்டுச் செய்தி என்றால் ஓரமாகத்தான் வைப்பாள். அதுதான் அவளுடைய பலவீனம்.

பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டு குட்மார்னிங்குக்குப் போன் போட்டாள். காரணம் இருந்தது. முன்பு ஒருமுறை காய்ச்சலில் படுத்தபோது, காத்திருந்த பதில்களை அனுப்புவதற்காக அவரிடம் தன் பாஸ்வேர்டைச் சொல்லியிருந்தாள். தளத்தில் அது பெரிய குற்றம். அவளையும் அவரையும் தவிர அது யாருக்கும் தெரியாது.

“குட்மார்னிங்மா.”

“சார், என் பாஸ்வேர்டை யார்கிட்டயாவது குடுத்தீங்களா?”

“இல்லியேம்மா.”

“நீங்க என் கணக்குக்குள்ள போனீங்களா?”

மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது. வலிக்கிறதா, யோசிக்கிறாரா என்று தெரியவில்லை. ஆனால் சந்தேகப்படுகிறவர் காதுக்கு மௌனம்கூட ஒப்புதல் வாக்குமூலம்தான்.

“சார், ஒரு உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். அந்த ஊசி போடற இடத்துக்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம்? உங்களுக்கு அதுல என்ன கிடைக்குது?”

சொன்ன பிறகுதான் அந்தக் கேள்வி தன் காதிலேயே எவ்வளவு கோரமாக விழுகிறது என்று தெரிந்தது. ஆனால் வாயை விட்டு வந்த வார்த்தை வந்ததுதான்.

“எனக்கு ஒண்ணும் கிடைக்கலம்மா,” என்றார் அவர் மெதுவாக. “விசாரிங்க. முடியற வரைக்கும் நான் ஒதுங்கி இருக்கேன்.”

அவள் பஸ் ஏறுவதற்குள் தொண்டர் குழுவிலிருந்து அவர் பெயர் விலகிவிட்டது. மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பழி போட்ட பிறகு நிம்மதி வரவேண்டும். வரவில்லை.

நூலகத்தில் அன்றைக்குப் புத்தகங்கள் தலைகீழாக அடுக்கப்பட்டன. ஒரு மாணவி கேட்ட வேதியியல் புத்தகத்துக்குப் பதிலாகச் சமையல் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தாள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை போனைப் பார்த்தாள். ஜன்னலோரம் வரவில்லை.

அந்தம்மாவின் முதல் கேள்வி அவளுக்கு மனப்பாடம். “குனிஞ்சு செருப்பு மாட்ட முடியல. வீட்டுல சொன்னா நடிக்கறேன்னு சொல்லுவாங்களோன்னு பயமா இருக்கு. அதனால ஜன்னலோரமா உட்கார்ந்தே இருக்கேன். இதுக்கு எங்கயாவது நம்பிக்கையான தகவல் கிடைக்குமா?” அதற்குப் பதில் எழுத நூலகி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் தேடினாள். அந்தம்மா முகம் தெரியாது. ஆனால் அந்தக் கேள்வி வந்த நாளிலிருந்து, கல்லூரிக்குப் போகிற வழியில் ஜன்னலில் யார் உட்கார்ந்திருந்தாலும் இவராக இருக்குமோ என்று பார்ப்பாள்.

மத்தியானம் திரும்பி வந்த புத்தகங்களைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு லிஃப்ட்டில் நுழைந்தாள். கணக்குப் பேராசிரியர் ஒருவரும் கூட ஏறினார். இரண்டாவது மாடியைத் தாண்டும்போது கரன்ட் போனது. ‘டக்’ என்று ஒரு குலுக்கல். இருட்டு.

பேராசிரியர் கம்பியைப் பிடித்துக்கொண்டார். கணக்கில் புலி, இருட்டில் எலி.

“ஐயையோ. அம்மா, விழுந்துடுமா இது?”

“விழாது சார்,” என்றாள் நூலகி. யோசிக்காமல், பழக்கத்தில் வருகிற மாதிரி வந்தது. “கரன்ட் போனா பிரேக் தானா பிடிச்சுக்கும்.”

சொன்னாள். அப்படியே நின்றுவிட்டாள்.

கல்யாணமான புதிதில் லிஃப்ட் என்றால் அவளுக்கு நடுக்கம். ஒரு நாள் கணவன் அவளை ஒரு பெரிய கட்டடத்துக்குக் கூட்டிப் போய், மேலே மெஷின் அறையைக் காட்டிச் சொல்லிக் கொடுத்தான். “இங்க பாரு. கரன்ட் இருக்கற வரைக்கும்தான் பிரேக் விலகி நிக்கும். கரன்ட் போச்சுன்னா ஸ்பிரிங் அமுக்கிப் பிடிச்சுக்கும். ஊருல எல்லாரும் தலைகீழா நினைச்சுப் பயப்படறாங்க. விழ மாட்டே.”

விழ மாட்டே. விழ மாட்டீங்க.

உளறல் இல்லை அது. ஊரில் யாரும் எழுத மாட்டார்கள் அந்த வரியை. லிஃப்ட் மெக்கானிக் ஒருவனைத் தவிர.

ஸ்டூல் மேல் தூக்கி வைத்த கால். ஸ்பிரிட் வாடை. இரண்டு மாதச் சீட்டி. ஒரு வார மௌனம். ஓரமாக வைத்ததெல்லாம் இருட்டில் ஒவ்வொன்றாக எழுந்து வந்து வரிசையில் நின்றன. சாப்பாட்டு மேசையில் எப்போதும் திறந்தபடியே கிடக்கிற தன் லேப்டாப்பும் கடைசியாக வந்து நின்றது. வீட்டில் அவள் பாஸ்வேர்ட் போட்டு மூடுவதே இல்லை. வீட்டு மனிதர்களை யார் பூட்டி வைப்பார்கள்?

“அழாதீங்கம்மா, கரன்ட் வந்துடும்,” என்றார் பேராசிரியர். அவர் சொன்ன பிறகுதான் அழுகிறோம் என்று அவளுக்குத் தெரிந்தது.

அரை நாள் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினாள். வழியில் குட்மார்னிங்குக்கு மூன்று முறை போன் செய்தாள். எடுக்கவில்லை. “தப்பு என்னோடது சார். மன்னிச்சிடுங்க” என்று அனுப்பினாள். அதை அவர் பார்த்த அடையாளம்கூட வரவில்லை. நாலு வார்த்தை பேசினாலே முகம் முழுக்க வலிக்கிற மனிதரிடம், என்ன கிடைக்கிறது என்று கேட்டிருக்கிறோமே என்று நினைக்க நினைக்க அவமானமாக இருந்தது.

வீட்டுக் கதவைத் திறந்தபோது உள்ளே மாமியார் போனில் பேசிக்கொண்டிருந்தாள். குரல் வழக்கத்தை விடத் தேன் தடவி இருந்தது.

“அப்படித்தான் இருக்கும் முதல்ல. தைரியமா இருங்க, சரியாப் போயிடும்...”

நூலகியைப் பார்த்ததும் போன் சட்டென்று மடிக்கு இறங்கியது.

“யாரு அத்தை?”

“தங்கச்சி.”

தங்கச்சியை எப்போதிலிருந்து ‘இருங்க’ என்கிறாள்? நூலகிக்குக் கேள்வி நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் இன்றைக்கு அவள் தேடி வந்தது வேறு ஆளை.

“நீ ஏன் இந்நேரத்துக்கே வந்துட்டே? அந்த குட்மார்னிங்கு ஏதாவது...”

“அவரைப் பத்தி இனிமே ஒரு வார்த்தை பேசாதீங்க அத்தை. என் அப்பா மாதிரி அவர்.”

குரலில் இருந்த ஏதோ ஒன்று மாமியாரின் வாயை அடைத்தது. நம் மாமியாரின் வாய் அடைபடுவது கிரகணம் மாதிரி, எப்போதாவதுதான் நடக்கும்.

கணவன் சாயங்காலம் வந்தான். கருவிப் பையைத் தூக்கவில்லை. தரையோடு இழுத்துக்கொண்டு வந்து கதவருகே விட்டான். நூலகி டீ கொண்டு வந்தாள். நேராகக் கேட்டிருக்கலாம். ஆனால் சந்தேகம் முற்றிப்போனவர்கள் நேராகக் கேட்பதில்லை, பரீட்சை வைப்பார்கள். அவளும் வைத்தாள். தம்ளரை நீட்டும்போது கையிலிருந்த ஸ்பூனை நழுவ விட்டாள்.

ஸ்பூன் அவன் காலடியில் விழுந்தது.

அவன் அதைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். பிறகு காலால் அதை அவள் பக்கம் மெல்லத் தள்ளிவிட்டான்.

“எடுத்துக்கோ.”

“நீங்க எடுங்க.”

“பக்கத்துலதானே கிடக்கு?”

“குனிஞ்சு எடுங்க.”

அவன் அசையவில்லை. அவள் போனை எடுத்து அந்த மெசேஜைப் படித்தாள். நிறுத்தி, நிதானமாக, கடைசி வரி வரைக்கும். பிரேக் வந்த இடத்தில் அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

“எப்போலேர்ந்து?” என்றாள்.

“என்ன எப்போலேர்ந்து?”

“முதுகு.”

அவன் நாற்காலிப் பிடியை இறுக்கிப் பிடித்தான். “போன வருஷம். லிஃப்ட் குழிக்குள்ள இறங்கும்போது கால் வழுக்கிடுச்சு. கம்பெனியில சொன்னா போன் எடுக்கற வேலையில உட்கார வச்சுடுவாங்க. குழிக்குள்ள இறங்காதவன் என்ன மெக்கானிக்கு?”

“என்கிட்ட?”

“உன்கிட்டயா?” அவன் சிரித்தான், சிரிப்பில் கோபம் இருந்தது. “முகம் தெரியாதவன் கேட்டா ஞாயித்துக்கிழமை முழுக்கத் தேடித் தருவே. நான் சொன்னா மூணு கேள்வி கேப்பே. எனக்கு அப்ப கேள்வி வேண்டாம். வலி போகணும், அவ்வளவுதான். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும்.”

அந்த அடி சரியான இடத்தில் விழுந்தது. ஒரு வருஷம் பக்கத்தில் படுத்திருந்தவனுக்கு வலி இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. எங்கோ இருக்கிற ஜன்னலோரத்தின் வலி தெரிந்த அளவுகூட.

“அந்த இடத்துல ஊசி போட்டாங்க,” என்றான் அவன். “ரெண்டு நாள்ல பறந்துடுச்சு. நிஜமா பறந்துடுச்சு. சிலிண்டரைத் தூக்கினேனே, பார்த்தே இல்ல? அப்பதான் உன் பெட்டியில அந்தம்மா எழுதினதைப் படிச்சேன். குனிஞ்சு செருப்பு மாட்ட முடியல, வீட்டுல சொல்லலைன்னு. என்னைப் பத்தியே எழுதின மாதிரி இருந்துச்சு. நீ என்னடான்னா ஆராய்ச்சி, டாக்டர், பொறுமைன்னு எழுதியிருந்தே. பாவம், ஒரு ஊசியில போற வலிக்கு ஏன் இப்படி இழுத்தடிக்கறாங்கன்னு தோணுச்சு.”

“மாத்திரையை நிறுத்தச் சொன்னது?”

“அங்கதான் சொன்னாங்க. மாத்திரை சாப்பிடறவங்களுக்கு ஊசி பிடிக்காதுன்னு.”

“அவங்களுக்கு அதுல என்ன ஆதாயம்னு கேட்டீங்களா?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். தலை மட்டும்தான் குனிந்தது.

“போன வாரம் வலி திரும்பி வந்துடுச்சு. முன்னை விட மோசமா. மறுபடியும் போனேன், இன்னொரு ஊசி போட்டாங்க. போட்ட இடத்தை தினமும் ஸ்பிரிட் வச்சுத் துடைக்கச் சொன்னாங்க. ஒண்ணும் ஆகல.”

“அது தெரிஞ்ச அப்புறமும் அந்தம்மாகிட்ட ஏன் சொல்லல?”

“எப்படிச் சொல்றது? உன் பேர்ல எழுதியிருக்கேன்.”

நூலகிக்கு அவனை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, முதுகில் கை வைத்துத் தடவிவிட வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

“அந்தம்மா பதில் எழுதறதே இல்ல. செத்தாங்களா பிழைச்சாங்களா தெரியல. யாருன்னுகூடத் தெரியல. எங்க போய்த் தேடுவேன்?”

அவன் மெதுவாகச் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான்.

“என்கிட்ட நம்பர் இருக்கு.”

தளத்தில் யாரும் கேட்கக்கூடாத நம்பர். விதி தெரியாதவன் அதே பெட்டியில் கேட்டு வாங்கிக்கொண்டு, வந்த பதிலை அழித்திருந்தான். எந்தத் தப்பைச் செய்ததற்காக அவன் மேல் கோபப்பட வேண்டுமோ, அந்தத் தப்பில்தான் இப்போது அந்தம்மா கிடைக்க ஒரே வழி இருந்தது.

“போடுங்க.”

“நீ பேசு. உன் பேர்லதானே...”

“சொன்னவங்கதான் பேசணும்.”

மேசையில் லேப்டாப் மீட்டிங்குக்காக ஒலித்தது. நூலகி திறந்தாள். திரையில் பிசியோ அக்கா. பக்கத்தில் குட்மார்னிங் இருக்க வேண்டிய கட்டம் காலியாக இருந்தது.

“யாருன்னு தெரிஞ்சுதா?” என்றாள் அக்கா.

“தெரிஞ்சுது அக்கா. குட்மார்னிங் சார் இல்ல. அவரை நான் வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். இது என் வீட்டுலேர்ந்துதான் போச்சு. கொஞ்சம் இருங்க, அந்தம்மாவுக்குப் போன் போடறோம்.”

கணவன் ஸ்பீக்கரில் போட்டு மேசை மேல் வைத்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மாமியார் சமையலறைக் கதவருகே வந்து நின்றாள். பிறகு உள்ளே போய்விட்டாள். குழாயைத் திறந்துவிடுகிற சத்தம் கேட்டது.

போனை யாரோ எடுத்தார்கள்.

“ஹலோ?” ஓர் ஆண்குரல். தூங்காத குரல்.

“அம்மா இருக்காங்களா?” என்றான் கணவன்.

“அம்மா ஆஸ்பத்திரியில இருக்காங்க. நான் பையன். நீங்க யாரு?”

நூலகி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“எப்படி இருக்காங்க?” என்றான் கணவன்.

“ரெண்டு ராத்திரி தூங்கல. உடம்பெல்லாம் உதறல். நேத்து ஃபிட்ஸ் வந்துடுச்சு. திரும்ப அந்த மாத்திரையையே ஆரம்பிச்சிருக்காங்க. இப்பதான் கண்ணைத் திறந்து பார்த்தாங்க.” குரல் இறுகியது. “மாத்திரையை நிறுத்துன்னு யாரோ சொன்னாங்களாம். எனக்கு அது மட்டும் தெரியணும். யார் சொன்னது?”

முதல் கேள்வி. இந்த வீட்டில் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளாமல் விட்ட கேள்வி, எங்கோ ஒரு ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து வந்தது.

கணவன் நூலகியைப் பார்த்தான். அவள் உதவி செய்யவில்லை.

“நான்தான் சொன்னேன்,” என்றான்.

“நீங்க டாக்டரா?”

“இல்ல. லிஃப்ட் ரிப்பேர் பண்றவன்.”

அந்தப் பக்கத்திலிருந்து கெட்ட வார்த்தை வரும் என்று நூலகி காத்திருந்தாள். வந்தது இன்னொரு கேள்விதான். அது கெட்ட வார்த்தையை விட மோசமாக இருந்தது.

“எதை வச்சுங்க சொன்னீங்க?”

“எனக்குச் சரியாப் போச்சு. அதை வச்சு.”

“இப்பவும் சரியா இருக்கா?”

கணவன் வாயைத் திறந்தான். எதிரே தரையில் அந்த ஸ்பூன் இன்னும் கிடந்தது.

“இல்ல,” என்றான். “நிக்கவே முடியல. தப்பு பண்ணிட்டேன்.”

திரையில் பிசியோ அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். நூலகி எழுந்து கணவனின் தோளில் கை வைத்தாள். கோபம் போகவில்லை, ஆனாலும் வைத்தாள். கையின் கீழே அவன் உடம்பு குலுங்கியது.

“நீங்க உண்மையைச் சொன்னதுனால கேக்கறேன்,” என்றான் அந்த மகன். “அம்மா சொல்றது வேற மாதிரி இருக்கே. எழுதி வந்ததை மட்டும் பார்த்து அவங்க நிறுத்தலையாம். தினமும் போன்ல கூப்பிட்டு தைரியம் சொன்னாங்களாம். இன்னைக்கு மத்தியானம்கூட இந்த போனுக்குக் கூப்பிட்டாங்க. யாருன்னு தெரியாம நானும் எடுத்துட்டு, அம்மாவுக்கு முடியலைன்னேன். முதல்ல அப்படித்தான் இருக்கும், சரியாப் போயிடும்னு சொல்லிட்டுப் பாதியிலேயே வச்சுட்டாங்க. ஆனா அது ஆம்பளைக் குரல் இல்லீங்களே. வயசான அம்மா ஒருத்தங்க. அவங்க யாரு?”

சமையலறையில் குழாய்ச் சத்தம் நின்றது.